அமெரிக்க சோயாக்காரருக்கு 12 பில்லியன், எங்கட வெங்காயக்காரருக்கு என்ன?

2026 ஜனவரி 4 | வெள்ளவத்தை வாசகி

டிசம்பர் 8ந் திகதி ட்ரம்ப் 12 பில்லியன் டொலர் அறிவிச்சவர். சீனா சோயா வாங்காம விட்டதால விவசாயியளுக்குக் காசு. வரி போட்டதும் அவர், அந்த வரிக் காசை எடுத்துக் குடுக்கிறதும் அவர். போன ஏப்ரலில எங்களுக்கு 44 வீதம் எண்டு சொல்லி, பேந்து 30, பேந்து 20 எண்டு இறக்கினவை. அந்த நேரம் கறுவாக்காரருக்கோ தேங்காய்க்காரருக்கோ எங்கட அரசாங்கம் என்ன குடுத்தது? அங்க செய்யிறதை ஏன் இங்க செய்யேலாது? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. "அவன் பணக்காரன்" எண்ட ஒரு வரிப் பதில் வேண்டாம்.

2026 ஜனவரி 5 | கணக்குப்பிள்ளை

"வரிக் காசை எடுத்துக் கொடுக்கிறோம்" என்பது மேடைப் பேச்சு. சுங்கத்தில் வசூலாவது திறைசேரியின் பொது வருமானத்துக்குப் போகும். விவசாயிக்குப் போகும் காசு வேறு பெட்டி: சிசிசி என்று சுருக்கிச் சொல்லும் பண்டக் கடன் கூட்டுத்தாபனம். 1933இல் தொடங்கியது. 1948 சாசனச் சட்டத்தின் கீழ் திறைசேரியிடம் 30 பில்லியன் டொலர் வரை கடன் வாங்கிச் செலவழிக்கலாம். செலவானதைக் காங்கிரஸ் பிறகு வருடாவருடம் நிரப்பிவிடும். ஆகவே விவசாயச் செயலாளர் கையெழுத்துப் போட்டாலே வேலை தொடங்கிவிடும், தனி வாக்கெடுப்புத் தேவையில்லை. 2018 ஜூலையில் 12 பில்லியன், 2019 மேயில் 16 பில்லியன், இப்போது திரும்ப 12. மூன்றும் இதே வாசலால்தான் வந்தன.

இங்கே அப்படி ஒரு பெட்டி கிடையாது. அமைச்சரவைப் பத்திரம், திறைசேரி அனுமதி, வரவு செலவில் இல்லாத செலவு என்றால் குறைநிரப்பு மதிப்பீடு. அதற்கு மேல் ஐஎம்எஃப் திட்டத்தில் ஆரம்ப மிகை (கடன் வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் அரசாங்கத்துக்கு மிஞ்சுவது) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் இருக்க வேண்டும் என்ற கட்டு.

காசு பாதிப் பதில்தான். காசு கையில் இருந்தாலும் யாருக்கு எவ்வளவு என்று எதை வைத்து அளப்பது? அமெரிக்காவே மூன்று தடவையும் மூன்று அளவுகோல் பிடித்தது. ஒரே விவசாயிக்கு மூன்றிலும் மூன்று தொகை வரும். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

2026 ஜனவரி 6 | கணக்குப்பிள்ளை

2018. சீனா ஜூலை 6ஆம் திகதி அமெரிக்க சோயாவுக்கு மேலதிகமாக 25 வீதம் போட்டது. மே கடைசியில் சிகாகோ தானியச் சந்தையில் புசல் 10 டொலருக்கு மேல் போன சோயா, ஜூலை நடுவில் எட்டரைக்குக் கீழே வந்தது. அப்போது விவசாயத் திணைக்களம் எடுத்த அளவு "ஏற்றுமதி இழப்பு": பதில் வரியால் இந்தப் பயிரின் ஏற்றுமதி எவ்வளவு குறையும், அதை மொத்த விளைச்சலால் வகு. வந்த தொகைகள்:

சோயா புசலுக்கு 1.65 டொலர். இறுங்கு 86 சதம். கோதுமை 14 சதம். பருத்தி இறாத்தலுக்கு 6 சதம். பன்றி தலைக்கு 8 டொலர். சோளம் புசலுக்கு 1 சதம்.

ஒரு சதம், எழுத்துப் பிழை இல்லை. அமெரிக்கச் சோளத்தில் சீனா வாங்கியது கொஞ்சம்தான், ஆகவே சூத்திரத்தின்படி இழப்பும் கொஞ்சம். ஆனால் சோயா விழுந்தபோது சோளமும் சேர்ந்து விழுந்தது. அந்த விலை வீழ்ச்சி சூத்திரத்துக்குள் வரவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ஏக்கர் சோயா, ஏக்கருக்கு 50 புசல்: 25,000 புசல், 41,250 டொலர். பக்கத்துக் காணிக்காரர் 500 ஏக்கர் சோளம், ஏக்கருக்கு 180 புசல்: 90,000 புசல், 900 டொலர். சோளக்காரர் சங்கம் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. 900 டொலருக்குப் படிவம் நிரப்புகிற மினக்கேடே பெரிது.

2026 ஜனவரி 6 | போடியார் பேரன்

அண்ணன், புசல் எண்டு சும்மா எழுதினா எங்கட பக்கத்து ஆக்கள் நெல்லுப் புசல் எண்டுதான் எடுப்பாங்க. நம்மட நெல்லுப் புசல் 46 இறாத்தல், ஏறக்குறைய 21 கிலோ. சோயாவும் கோதுமையும் அங்க 60 இறாத்தல், 27.2 கிலோ. சோளம் 56 இறாத்தல், 25.4 கிலோ. 1.65 டொலரை 21ஆல பிரிச்சுக் கிலோ விலை எடுத்தா பிழைக்கும். கிலோவுக்கு 6 சதம்தான் வருது.

மறுகா அந்தரும் அப்பிடித்தான். பாலுக்கு அந்தருக்கு 12 சதம் எண்டு குடுத்தாங்க. நம்மட அந்தர் 112 இறாத்தல், அவங்கட 100.

2026 ஜனவரி 6 | கணக்குப்பிள்ளை

சரியான திருத்தம். இழையின் மேலே ஒட்டி வைக்கலாம்.

2026 ஜனவரி 7 | கணக்குப்பிள்ளை

2018 திட்டம் எங்கே இடறியது என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கே யாராவது மாதிரி எடுக்கப் போனால் அதே கல்லில்தான் கால் படும்.

தொகை அறுவடை செய்த விளைச்சலுக்கு. விற்கத் தேவையில்லை, அறுத்துக் களஞ்சியத்தில் வைத்தாலும் கிடைக்கும். ஆகவே இரும்புக் களஞ்சியம் வைத்திருந்தவர் 13 வீத ஈரப்பதத்தில் சோயாவைப் பூட்டி வைத்துவிட்டு, மானியத்தையும் எடுத்து, விலை வரும் வரை பார்த்துக்கொண்டும் இருந்தார். அதே வருடம் வறட்சியில் பாதி விளைச்சல் போனவருக்கு மானியமும் பாதி. அதிகம் அடிபட்டவருக்குக் குறைவாகக் கொடுக்கிற அளவுகோல்.

இரண்டாவது, எல்லா இடத்துக்கும் ஒரே 1.65. வட டகோட்டா சோயா ரயிலில் மேற்குக் கரைத் துறைமுகத்துக்குப் போய்ச் சீனாவுக்குக் கப்பலேறுவது. சீனா நின்றதும் அந்தப் பாதையே செத்தது. உள்ளூர்க் கொள்முதல் நிலையத்தில் சிகாகோ விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் இடைவெளி விரிந்தது. இல்லினோயில் ஆறு இருக்கிறது, தெற்கே வளைகுடாத் துறைமுகம் இருக்கிறது, வேறு வாங்குநர் இருந்தார்கள். அடி வித்தியாசம், தொகை ஒன்று.

மூன்றாவது காகிதம். விண்ணப்பம் சிசிசி-910. அதோடு ஏக்கர் அறிக்கை, பண்ணையை யார் நடத்துகிறார் என்ற திட்டப் படிவம், வருமான உறுதிமொழி, மண் பாதுகாப்பு உறுதிமொழி. விளைச்சலுக்கு ஆதாரம் கேட்டால் தராசுச் சிட்டை அல்லது பயிர்க் காப்புறுதிப் பதிவு. இதில் ஏக்கர் அறிக்கை பிழைத்தால் எல்லாம் நிற்கும். 2018 டிசம்பர் 28இல் அரசாங்க முடக்கத்தில் கிளை அலுவலகங்கள் பூட்டப்பட்டு, ஜனவரி 15 கடைசித் திகதியைப் பெப்ரவரி 14க்குத் தள்ள வேண்டி வந்தது.

2026 ஜனவரி 7 | வெள்ளவத்தை வாசகி

உச்ச வரம்பு இருக்கெண்டு வாசிச்சன். பேந்தேன் பெரிய பண்ணைக்காரர் அள்ளினவை எண்டு கத்தினவை?

2026 ஜனவரி 8 | கணக்குப்பிள்ளை

2018இல் பயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு 1,25,000 டொலர். மேலே சொன்ன கணக்கில் 1,25,000ஐ 1.65ஆல் வகுத்தால் 75,757 புசல், அதாவது 1,515 ஏக்கர் சோயா. அதற்கு மேல் கிடைக்காது. ஆனால் வரம்பு "ஆளுக்கு". பொதுப் பங்குடைமை என்றால் ஒவ்வொரு பங்காளிக்கும் தனி வரம்பு. மனைவி, பிள்ளைகள், 2018 பண்ணைச் சட்டத்துக்குப் பிறகு மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரர் வரை குடும்பத்தில் அடக்கம். பண்ணை முகாமைத்துவத்தில் பங்கு என்று காட்டினால் போதும், மண்வெட்டி பிடிக்கத் தேவையில்லை. நாலு பேர் சேர்ந்தால் 5 இலட்சம் டொலர். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சட்டமே அப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது.

2019இல் வரம்பை 2,50,000 ஆக்கினார்கள். இப்போது 1,55,000.

2026 ஜனவரி 8 | போடியார் பேரன்

குத்தகைக்காரனுக்கா காணிக்காரனுக்கா? இங்க பசளை மானியத்தில பெரிய சண்டையே அதுதான்.

2026 ஜனவரி 8 | கணக்குப்பிள்ளை

விளைச்சலில் பங்கு உள்ளவருக்கு. காசுக் குத்தகை என்றால் முழுதும் பயிர் செய்பவருக்கு. காணிக்காரருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு விட்டிருந்தால் வார விகிதப்படி இருவருக்கும். ஆனால் மானியம் இரண்டு வருடம் தொடர்ந்து வந்தால் மூன்றாம் வருடம் காணிக்காரர் குத்தகையைக் குறைக்கவே மாட்டார். "உனக்குத்தான் ஏக்கருக்கு இவ்வளவு வருகுதே." மானியத்தில் ஒரு பகுதி குத்தகைக்குள் கரைந்துவிடும். எந்த நாட்டிலும் இது நடக்கும்.

2026 ஜனவரி 9 | போடியார் பேரன்

இங்க வேற மாதிரி. கமநல சேவை நிலையத்துப் பதிவில காணிக்காரன்ட பேர், வயல் செய்யிறது வேற ஆள். பசளை மானியம் ஹெக்டேருக்கு 25,000 ரூபா, முதல் 15,000, மறுகா 10,000, வங்கிக் கணக்குக்கு வரும். கமக்காரர் அமைப்பு பட்டியல் குடுக்கும்போதே செய்யிறவன்ட பேரைப் போடாட்டி காசு கொழும்பில இருக்கிற காணிக்காரன்ட புத்தகத்தில விழும்.

மற்ற வில்லங்கங்கள்: அடையாள அட்டையில ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில இன்னொரு எழுத்து எண்டா திரும்பிப் போகும். கனகாலம் ஆடாத கணக்கு எண்டா திரும்பிப் போகும். எல்லாத்தையும் விடப் பெரிசு நேரம். அடிக்கட்டுப் பசளை விதைக்கிற நேரத்துக்கு வேணும். காசு மேற்கட்டு நேரத்துக்கு வந்தா, அதுக்குள்ள கடைக்காரனிட்டக் கடனுக்கு எடுத்து, அறுவடையில நெல்லாக் குடுக்கிறதாப் பேச்சாகிடும். மானியம் வந்தது மெய், போனது கடைக்காரனுக்கு.

2026 ஜனவரி 10 | கணக்குப்பிள்ளை

2019 அளவுகோல். "பயிருக்குத் தொகை வைத்தால் விதைக்கும் முன்பே எல்லோரும் சோயாவுக்கு ஓடுவார்கள்" என்ற பயத்தில், கவுண்டிக்கு ஒரு தொகை என்று வைத்தார்கள். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் வரும் நிருவாகப் பிரிவு, எங்கள் மாவட்டம் போல. அந்தக் கவுண்டியில் வழமையாக என்ன பயிர், எவ்வளவு ஏக்கர், என்ன விளைச்சல் என்று எடுத்து, ஒவ்வொரு பயிரின் இழப்பால் பெருக்கி, மொத்த ஏக்கரால் வகுத்து ஒரே எண். ஏக்கருக்கு 15 டொலரிலிருந்து 150 வரை. நீங்கள் சோயா போட்டாலும் சோளம் போட்டாலும் அதே எண், நட்டிருந்தால் சரி.

இதற்காகப் பயிர் இழப்பையும் புதிதாகக் கணக்கிட்டார்கள். கூடுதலான வருடங்களின் வர்த்தகத்தை அடிப்படையாக எடுத்ததில் சோளம் 1 சதத்திலிருந்து 14 சதம் ஆனது, பருத்தி 6 சதத்திலிருந்து 26 சதம். பருத்தி அதிகம் போடும் தென் மாநிலக் கவுண்டிகள் மேலே ஏறின. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஒரு தொகை, நடுவில் ஒரு வாய்க்கால்.

அந்த வருடம் மழை விடவில்லை. 19.4 மில்லியன் ஏக்கரில் விதைக்கவே முடியாமல் போனது. விதைக்காத காணிக்கு இந்தத் திட்டத்தில் காசு இல்லை. மூடுபயிர் (மண்ணைக் காக்கப் போடும் பயிர்) போட்டால் ஏக்கருக்கு 15 டொலர். ஆகவே ஜூன் முடிவிலும் சேற்றில் உழவு இயந்திரத்தை இறக்கி விதைத்தவர்கள் இருந்தார்கள். விளைச்சலுக்காக மட்டும் இறங்கவில்லை.

16 பில்லியனில் விவசாயிக்கு நேரடியாகக் கொடுக்க வைத்த 14.5 பில்லியனை மூன்று தவணையாகப் பிரித்தார்கள்: ஆகஸ்டில் பாதி, நவம்பரில் கால், மிச்சக் கால் அடுத்த வருடத் தொடக்கத்தில். சீனாவோடு உடன்பாடு வந்தால் நிறுத்தலாம் என்று வைத்த தவணை. 2020 ஜனவரி 15இல் உடன்பாடு கையெழுத்தானது. கடைசித் தவணையும் போனது.

2026 ஜனவரி 10 | நாலாம் குறுக்கு

சுவாரசியமா இருக்கு. ஆனா கேள்வி வெங்காயம் பத்தித்தானே? தலைப்புல வெங்காயம், உள்ளுக்கு ஃபுல்லா சோயா.

2026 ஜனவரி 11 | கணக்குப்பிள்ளை

வருகிறேன் நானா. 2025ஐ முடித்துவிட்டு வெங்காயத்தை உங்களிடமே தருகிறேன்.

இப்போதைய 12 பில்லியனில் 11 பில்லியன் தானிய, எண்ணெய்வித்து, பருத்தி வகைக்கு. டிசம்பர் 31இல் வந்த ஏக்கர் தொகைகளைப் பாருங்கள்: சோயா 30.88 டொலர், சோளம் 44.36, கோதுமை 39.35, பருத்தி 117.35, நெல் 132.89. சீனா வாங்காமல் விட்டது சோயாவை; தொகையில் அது சோளத்துக்கும் கீழே, நெல்லுக்கு நாலில் ஒரு பங்கும் இல்லை. காரணம் இம்முறை அளந்தது ஏற்றுமதி இழப்பை இல்லை. பயிர்ச்செலவுக்கும் விலைக்கும் இடையிலான நட்டத்தை மாதிரிக் கணக்கில் எடுத்தார்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் ஏக்கர் செலவு அதிகம், ஆகவே தொகை அதிகம். வர்த்தகப் போர் என்ற பெயரில் அறிவித்தார்கள், உள்ளே இருக்கும் சூத்திரம் பசளை, விதை, டீசல், வட்டி பற்றியது.

அதே 500 ஏக்கர் சோயாக்காரருக்கு 2018இல் 41,250 டொலர். இப்போது 15,440. 500 ஏக்கர் சோளக்காரருக்கு அப்போது 900, இப்போது 22,180. யார் அடிபட்டார் என்பது மாறவில்லை. கோல் மாறியது.

டிசம்பர் 19 மாலை 5 மணிக்குள் ஏக்கர் அறிக்கை சரியாக இருந்தவருக்குத்தான் காசு. பெப்ரவரி 28க்குள் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் ட்ரம்பும் சீன ஜனாதிபதி ஷியும் அக்டோபர் 30 சந்தித்த பிறகு, சீனா 2025 முடிவுக்குள் 12 மில்லியன் தொன், அடுத்த மூன்று வருடமும் வருடத்துக்கு 25 மில்லியன் தொன் சோயா வாங்கும் என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. இனி நானா.

2026 ஜனவரி 12 | நாலாம் குறுக்கு

சரி. வெங்காயத்துல வர்த்தகப் போர்னு யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா அடி அதே அடி. வரிசையாப் பாருங்க. 2023 ஆகஸ்டுல இந்தியா ஏற்றுமதிக்கு 40 வீதம் வரி. டிசம்பர் 8 முழுத் தடை. இங்க பெரிய வெங்காயம் எட்டாத விலைக்குப் போச்சு. 2024 ஏப்ரல்ல இலங்கைக்கு 10,000 தொன் விட்டாங்க. மே மாசம் தடை எடுத்தாங்க, 40 வீத வரியோட. செப்டெம்பர்ல 20 வீதம். 2025 ஏப்ரல் 1 அதையும் எடுத்தாச்சு. அதோட இந்தியாவுல நாசிக் பக்கத்துச் சரக்கு மலிஞ்சு வந்து, ஆகஸ்ட் - செப்டெம்பர் தம்புள்ளை அறுவடை மேல நேரா விழுந்திச்சு.

முந்தின வருஷத்து விலையப் பாத்துட்டு விதைச்ச ஆள் மாட்டினான். டில்லியில ஒரு அறிவித்தல், மாத்தளையில ஒருத்தன் கடன்காரன்.

நம்ம அரசாங்கம் செஞ்சது விசேட வியாபாரப் பண்ட அறவீடு. 2007ஆம் வருஷம் 48ஆம் இலக்கச் சட்டம். மத்த இறக்குமதி வரி எல்லாத்துக்கும் பதிலா கிலோவுக்கு இத்தனை ரூபான்னு ஒரே அறவீடு. 2025 ஆகஸ்ட் 26 பெரிய வெங்காயத்துக்கு 10 ரூபாயிலருந்து 50, உருளைக்கிழங்குக்கு 60லருந்து 80. வர்த்தமானி ராத்திரி வரும், விடிஞ்சா அமுல். ஒரு குளிர்க் கொண்டெய்னர் 28 தொன்னு வைங்க: 40 ரூபா கூடினா 11,20,000 ரூபா. சுங்கப் பிரகடனம் முந்தின நாள் போட்டவனுக்கு அது லாபம், கப்பல் ஒரு நாள் பிந்தினவனுக்கு நட்டம். ஒரே கப்பல்ல வந்த ரெண்டு பேருக்கு ரெண்டு விலை.

2026 ஜனவரி 12 | வெள்ளவத்தை வாசகி

அப்ப அந்த 40 ரூபா விவசாயிக்குப் போகாதா நானா?

2026 ஜனவரி 13 | நாலாம் குறுக்கு

40 ரூபா திறைசேரிக்குப் போகும். விவசாயிக்குப் போறது விலை கூடினா மட்டும். கூடுமான்னா ரெண்டு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, அறவீடு ஏறப்போகுதுன்னு ரெண்டு கிழமைக்கு முன்னமே மோப்பம் பிடிச்சு எல்லாரும் அடிச்சு இறக்கியிருப்பாங்க. கடைகள்ல பழைய அறவீட்டுச் சரக்கு ஒரு மாசம் ஓடும். உள்ளூர் அறுவடையோ ஒண்ணரை, ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். அறவீடு விலையில தெரியிற நேரம் விவசாயிக்கிட்ட சரக்கு இருக்காது.

ரெண்டாவது சரக்கோட தரம். நாசிக் வெங்காயம் நல்லாக் காஞ்சு, கழுத்து இறுகி, ஒரே பருமன்ல வரும். ஹோட்டல்காரனும் அதத்தான் கேப்பான். உள்ளூர்ல மழை வருதுன்னு தாள் சாயிறதுக்கு முன்னமே பிடுங்கி, ரெண்டு நாள்கூட உலத்தாம மூட்டை கட்டி அனுப்புறாங்க. கழுத்து பச்சையா இருந்தா அதுக்குள்ளால ஈரம் இறங்கி நடுவுல அழுகும். மூட்டையில ஒண்ணு அழுகினா சுத்தி அஞ்சு போகும். அதனால கொழும்பு வியாபாரி கழிவு வச்சுத்தான் விலை பேசுவான். பிடுங்கிட்டு நிழல்ல ஏழெட்டு நாள் காத்தாட உலத்தி, கழுத்துல ஒரு அங்குலம் விட்டு வெட்டி, வலைப் பையில போட்டு வந்தா அந்தக் கழிவு பாதியாக் குறையும். அறவீட்டை விட ஒரு கொட்டில் போட்டுக் குடுத்தா அவனுக்கு லாபம்.

2026 ஜனவரி 13 | கணக்குப்பிள்ளை

நானா சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மானியத்துக்குக் காசு கொடுத்தது வரி செலுத்துபவர், சிசிசி வழியாக. இங்கே கொடுத்தது பருப்புக் கறிக்கு வெங்காயம் தாளிப்பவர், கிலோவுக்கு 40 ரூபா. அரசாங்கக் கணக்கில் இது செலவாகவே தெரியாது, வருமானமாகத் தெரியும். ஐஎம்எஃப் காலத்தில் நிதி அமைச்சுக்கு எந்தப் பக்கம் கை நீளும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

2026 ஜனவரி 15 | போடியார் பேரன்

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். உத்தரவாத விலையையும் மறக்காதீங்க. 2025 பெப்ரவரியில நெல்லுக் கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132 எண்டு அறிவிச்சாங்க. நெல் சந்தைப்படுத்தல் சபை 14 வீத ஈரப்பதத்திலதான் எடுக்கும். இயந்திரத்தால வெட்டின நெல்லு 20 வீதத்துக்கு மேல ஈரத்தோட வருது. காயப்போடக் களம் இல்ல, றோட்டில போடணும், மழை எண்டா அதுவும் இல்ல. வயல் வரம்பிலயே லொறிய நிப்பாட்டி ஈரத்தோட எடுக்கிற தனியாருக்குத்தான் குடுக்க வேண்டி வரும், அவன் சொல்ற விலைக்கு. விலை 120 எண்டு அறிவிக்கிறதும், மாவட்டத்தில எத்தனை உலர்த்தும் இயந்திரம் ஓடுது எண்டு பாக்கிறதும் ரெண்டு வேலை. முதலாவது லேசு.

2026 ஜனவரி 17 | கணக்குப்பிள்ளை

வாசகியின் முதல் கேள்வி: கறுவா, தேங்காய், தேயிலை. அமெரிக்காவுக்குப் போகும் எங்கள் பொருளில் பெரும்பங்கு ஆடை. அடி முதலில் விழுவது தையல் ஆலைப் பிள்ளைகள் மேல். தேயிலை, தேங்காய், வாசனைத் திரவியம் எல்லாம் 2025 நவம்பர் நடுவில் அந்த வரியிலிருந்து விலக்கப்பட்டன. அமெரிக்கக் கடைகளில் விலை ஏறியதால் விலக்கினார்கள், எங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இடையில் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்துக்கு ஈடு கொடுப்பதென்றால் முடியுமா?

தேயிலையில் முடியும். சிறுபற்று நிலக்காரருக்குக் கொழுந்து விலை ஒரு சூத்திரத்தில் வருகிறது: தொழிற்சாலையின் ஏல விற்பனைச் சராசரியில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 4.65 கிலோ கொழுந்து. உதாரணத்துக்கு ஏலச் சராசரி 1,000 ரூபா என்றால் கொழுந்து கிலோவுக்கு 146 ரூபா. ஏலம் 900க்கு இறங்கினால் 131.60. கொழும்பு ஏலத்தில் விழுந்த அடி அடுத்த மாதமே இரத்தினபுரியில் கிலோவுக்கு 14 ரூபா 60 சதமாக வந்து நிற்கும். யார் எத்தனை கிலோ கொடுத்தார் என்பது தொழிற்சாலைப் பேரேட்டில் மாதாமாதம் இருக்கிறது. அடியையும் அளவையும் ஒரே புத்தகத்தில் பார்க்கலாம். அமெரிக்கக்காரருக்கே இவ்வளவு சுத்தமான பதிவு இல்லை.

இப்படி ஒன்று செய்தும் இருக்கிறோம். 2014 கடைசியில் ரூபிள் விழுந்து ரஷ்யச் சந்தை சுருங்கியது, எண்ணெய் விலை விழுந்து மத்திய கிழக்கும் கையைச் சுருக்கியது. 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவில் கொழுந்து கிலோவுக்கு 80 ரூபா, இறப்பர் கிலோவுக்கு 350 ரூபா உத்தரவாதம் என்று வந்தது. இதில் உள்ள குழி: தரை விலை வைத்தால் நல்ல கொழுந்துக்கும் முற்றல் இலைக்கும் ஒரே காசு. இரண்டு இலையும் மொட்டும் எடுக்கிறவர் ஏன் மினக்கெட வேண்டும்? நாலாவது இலையையும் சேர்த்துக் கிள்ளினால் நிறை கூடும். தேயிலைத் தரம் இறங்கும், ஏலம் இன்னும் இறங்கும், இடைவெளி விரியும், திறைசேரி இன்னும் கொடுக்க வேண்டும். விழுந்த தொகையை மட்டும், போன வருடத்து நிறைக்குக் கொடுத்தால் இந்தக் குழியில் விழாமல் போகலாம். இந்த வருடம் கூடக் கிள்ளி ஆவது ஒன்றுமில்லை.

கறுவாவில் முடியாது. கிராமத்துச் சேகரிப்பாளருக்குச் சிட்டை இல்லாமல் கைமாறுகிறது. உரிக்கிறவருக்கும் விளைச்சலில் பங்கு. யாருக்கு இழப்பு எவ்வளவு என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காசு ஒதுக்கினால் பட்டியலில் கறுவாத் தோட்டம் வைத்திருப்பவர் பெயர்தான் வரும், உரிப்பவர் பெயர் வராது.

2026 ஜனவரி 17 | வெள்ளவத்தை வாசகி

தோட்டத் தொழிலாளி? கொழுந்து கிள்ளுறவை அவைதானே. சிறுபற்றுப் பேரேட்டில அவை இல்லை.

2026 ஜனவரி 18 | கணக்குப்பிள்ளை

இல்லை. அவர்களுக்குக் கூலி, விளைச்சலில் பங்கு கிடையாது, ஆகவே எந்தப் பயிர் மானியத்திலும் பெயர் வராது. அமெரிக்காவிலும் அப்படித்தான்: பன்றிப் பண்ணையில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கும், பழம் பறிக்க வருபவருக்கும் இந்த 12 பில்லியனில் ஒரு சதம் இல்லை. இங்கே 2026 வரவு செலவு வேறு ஒரு வழி பிடித்தது. நாள் சம்பளம் 1,350இலிருந்து 1,550, அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவு 200ஐ அரசாங்கம் தருகிறது, ஆக 1,750. தனியார் கம்பனிக் கூலியில் ஒரு பகுதியைத் திறைசேரி சுமக்கிறது. நல்லதா கெட்டதா என்பது வேறு இழை. ஆனால் செக்ரோல் என்ற தோட்டத்து வருகை, சம்பளப் பதிவு இருப்பதால்தான் செய்ய முடிகிறது. வேலை நாள் குறைத்துக் கொடுக்கும் தோட்டத்தில் அந்த 200உம் குறையும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2026 ஜனவரி 21 | நாலாம் குறுக்கு

கடைசியா ஒரு கேள்வி. அமெரிக்கன் லிஸ்டுல பருப்பும் இருக்காமே? அப்ப மைசூர்ப் பருப்பு மலியுமா? கடையில நாலு பேர் கேட்டுட்டாங்க.

2026 ஜனவரி 22 | கணக்குப்பிள்ளை

இருக்கிறது நானா, ஏக்கருக்கு 23.98 டொலர். விலைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 2025இல் நட்டு அறுத்து முடிந்த ஏக்கருக்கு இப்போது வரும் காசு அது. அதனால் ஒரு மூட்டை கூட அதிகம் விளையப் போவதில்லை. எங்களுக்கு வரும் பருப்பில் பெரும்பங்கு கனடா, அவுஸ்திரேலியா. 2019 ஜூனில் இந்தியா அமெரிக்கப் பருப்புக்கும் கடலைக்கும் மேலதிக வரி போட்டு 2023இல் எடுத்ததே, அது போல இந்தியா என்ன செய்கிறது என்று பாருங்கள். இந்தியா வரியைக் குறைத்து வாங்க இறங்கினால் கனடாக்காரர் அன்றைக்கே விலை ஏற்றுவார். மற்றது அவுஸ்திரேலியாவின் நவம்பர், டிசம்பர் அறுவடைச் சரக்கு, இங்கே டொலர் விலை.

2026 ஜனவரி 22 | நாலாம் குறுக்கு

அப்ப இப்போதைக்கு ரெண்டு கொண்டெய்னருக்கு மேல ஓடர் போடல.